ஓடு

நூற்று நாற்பது வரி.
ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஷூ கம்பெனியில்
கட்டைவிரல் மெஷின் கக்குவதை எல்லாம் வாங்கி
சனிக்கிழமைச் சம்பளமாக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்.
நான் எழுதியது.
எதில் திறந்தாலும் யாரும் படிக்கலாம்.
அதனால்தான் கமலக்கண்ணன் சாருக்குத் தூக்கம் போனது.

"தொறந்த வீடு மாதிரி வெச்சிருக்கியேம்மா.
ஒரே ஃபைலா ஆக்கிடு.
ஓடணும். உள்ள யாரும் பாக்கக் கூடாது."

ஓடு என்றால் ஓடு.
ஓடு என்றால் ஆமை முதுகில் இருப்பதும்.
ஷெல் என்று பெயர் வைத்தவனிடம்
தமிழில் இரண்டும் ஒரே சொல் என்று
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏசி இருப்பது சர்வர் அறையில் மட்டும்.
சாம்பிள் தோல்களும் அங்கேதான் அடுக்கியிருக்கும்.
அந்த வாடையில் உட்கார்ந்து கம்பைல் செய்தேன்.
ஸ்கிரிப்டைத் தாறுமாறாகக் கலைத்து,
சி மொழியில் ஒரு பெட்டி செய்து, அதற்குள் போட்டு,
பெட்டியை கம்பைலரிடம் கொடுத்தால் மூன்று நொடி.
நாலு கேபி பதினெட்டானது.
திறந்து காட்டினேன்.
கேள்விக்குறி, கட்டம், உடைந்த எழுத்து.
சார் டீ வாங்கித் தந்தார்.

சாரிடம் சொல்லாதது:
இது மெய்யான கம்பைல் இல்லை.
ஒரு வரியும் மெஷின் பாஷை ஆகவில்லை.
அப்படியே சுருண்டு கிடக்கின்றன உள்ளே.
ஓட்டினால் எழுந்து
அதே பழைய ஷெல்லைத்தான் கூப்பிடும்.
வேறு கம்பைலர் குறிப்புகளைத் தூக்கி எறிந்துவிடும்.
இது எறியாது.
ஹேஷ் குறிக்குப் பின்னால் நான் கிறுக்கியவை எல்லாம்
பத்திரம்.

எண்பத்தேழாம் வரி:
எட்டைத் தாண்டி நாலு நிமிடம் போனால் அரை மணிக் கூலி பிடி.
எண்பத்தாறாம் வரி, ஹேஷுக்குப் பின்னால், தமிழில்:
இது சரியில்லை. சொன்னேன். கேட்கவில்லை.
மெஷினுக்கு விரல் தெரியாததற்கு
இவர்கள் என்ன செய்வார்கள்.

ஒட்டும் பிரிவில் பதினாறு வருஷம்
சொல்யூஷன் தொட்ட கட்டைவிரலில் ரேகை இருக்காது.
அமுலு மாதனூர் வேனில் ஏழு ஐம்பதுக்கே வந்துவிடுவாள்.
வைப்பாள். சிவப்பு.
முந்தானையில் துடைத்து வைப்பாள். சிவப்பு.
பின்னால் முப்பது பேர்.
ஒதுங்கி நின்று, எல்லோரும் போன பிறகு
எச்சில் தொட்டு அழுத்துவாள்.
பச்சை விழும்போது எட்டு ஐந்து.

போன சனிக்கிழமை கவுண்டரில் சீட்டோடு நின்றாள்.
"நானூறு கொறையுது. இன்னா கணக்கு இது?
எதுல எழுதிகீது, காட்டு."
எழுதியிருக்கிறது, காட்ட முடியாது என்றேன்.
சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.
அவள் கண் முன்னால் மறுபடி ஓட்டினேன்.
கரண்ட் போய் வந்த சர்வர், மெதுவாகத் தவழ்ந்தது.
ஏன் என்று பார்க்கப் பக்கத்து ஜன்னலில் பிஎஸ் அடித்தேன்,
வெட்டாமல் முழுசாகக் காட்டச் சொல்லி.
பழக்கம்.
சத்தியமாகப் பழக்கம்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றின் பெயரும் வந்தது.
நம்முடையதும் வந்தது.
பெயருக்குப் பக்கத்தில்
நூற்று நாற்பது வரியும் ஒன்றோடொன்று ஒட்டி
ஒரே ஒழுக்காகத் திரை நிறைய.
பூட்டினது, ஓடும்போது வாய் திறந்துவிடுகிறது.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
ஆறாவது வரை படித்தவள்.
டாலரையும் அடைப்பையும் தாண்டித் தாண்டி
தமிழ் வந்த இடத்தில் நின்றாள்.
விரல் வைத்து, எழுத்துக் கூட்டி.
கண்ணாடியில் கொஞ்சம் பசை ஒட்டியது.
"இத எழுதுனது யாரு?"

மாடிப்படியில் ஷூ சத்தம்.
கிளியர் அடித்தேன்.
கறுப்பு.

அவள் நகரவில்லை.
பின்னால் திரும்பி
ரோசிலியையும் மும்தாஜையும் கையசைத்துக் கூப்பிட்டாள்.
பிறகு என்னிடம், மெதுவாக:

"இன்னொரு வாட்டி ஓட்டு."